கான்சல் வெட்டிய சேவல்

சேவலின் தலை ஒரே வெட்டில் விழவில்லை. கான்சல் துரைக்குக் கத்தி பிடித்துப் பழக்கம் கிடையாது. இரண்டாவது வெட்டில்தான் விழுந்தது. விழுந்ததும் அவன் சிரித்தான். சட்டைக் கையில் தெறித்த ரத்தத்தைப் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் குமாஸ்தாவிடம் காட்டி என்னவோ சொன்னான். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அதுவரை நான் அவனை 'அவர்' என்றுதான் சொல்லிவந்தேன். அந்தச் சிரிப்புக்குப் பிறகு மரியாதைக்கு என் நாக்கு வளைய மறுத்துவிட்டது. இனி அவன்தான்.

என் பெயர் சுன்-தோ. லூங்தாவ் துறையில் படகு ஓட்டுகிறேன். ஆற்றில் நங்கூரமிட்ட கப்பல்களுக்கு யார் போவதானாலும் எங்களைப் போன்ற படகுக்காரிகளைத்தான் கூப்பிட வேண்டும். பூக்கொடிக் கான்சலுக்கு வழக்கமான படகு என்னுடையது. அமெரிக்காக்காரர்களை எங்கள் ஊரில் பூக்கொடிக்காரர்கள் என்போம். கொடியிலிருக்கும் நட்சத்திரங்களைப் பூ என்று நினைத்த எந்த மகராசன் வைத்த பெயரோ, அதுவே நிலைத்துவிட்டது.

அவன் பெயர் டில்லிங்ஹாம். அவன் நாட்டுக் கப்பல்களுக்கு அதிகாரியாகவும் வழக்குகளுக்கு நீதிபதியாகவும் உட்கார்ந்திருக்கும் கான்சலும் அவன்தான், அவன் முத்திரை குத்துகிற கப்பல்களுக்கு அரிசியும் உப்புக்கண்டமும் விற்கிற வியாபாரியும் அவன்தான். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். வருடத்துக்கு ஒருமுறை கோடை வெயிலில் தன் நாட்டுக்குப் பிறந்தநாள் என்று பீரங்கி வெடிப்பான். எங்களுக்கு அன்றைக்கு மீன் கிடைக்காது. பச்சைப் பல்லக்கும் நான்கு தூக்கிகளும் இல்லாமல் வாசல்படி தாண்ட மாட்டான். எங்கள் மாவட்ட அதிகாரியின் கச்சேரிக்கு மூன்று வாசல். பெரிய மனிதர்கள் வந்தால் நடுவாசல் திறக்கும், மற்றவர்களுக்குப் பக்கவாசல். தன் பல்லக்குக்கு நடுவாசல் திறக்க வேண்டும் என்று வந்த நாளிலிருந்து சண்டை போட்டு, ஒருமுறை போர்க்கப்பலைக்கூட வரவழைத்துப் பயமுறுத்தி, அந்த உரிமையை வாங்கினான். 

அவன் பெண்டாட்டி காய்ச்சலில் செத்தபோது சவப்பெட்டியை அக்கரை மலைக்கு என் படகில்தான் கொண்டுபோனோம். பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். துடுப்புப் போட்டுக்கொண்டே நானும் அழுதேன். அந்தக் கண்ணீரைத் திருப்பிக் கொடு என்று கேட்க இப்போது வழியில்லை.

என் தம்பி பூன்-ஹோக் கப்பல் ஓட்டை அடைக்கிறவன். பலகை இடுக்கில் நார் திணித்து எண்ணெய்ச் சுண்ணாம்பு பூசுவான். ஆற்று முகத்தில் நின்ற பூக்கொடிக் கப்பலில் ஒருநாள் வேலை என்று ஆள்பிடிக்காரன் ஒருவன் தன் படகில் கூட்டிப்போனான். பொழுது சாய்ந்தும் ஆள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மீன் விற்கப் போன ஒருத்தி சேதி கொண்டுவந்தாள். கப்பலின் அடித்தட்டில் வேலை செய்துகொண்டிருந்தவன் தலைக்குமேல் மூடியை இழுத்துப் பூட்டிவிட்டார்களாம். உள்ளே நூற்றுக்கணக்கில் ஆட்கள். பெரு நாட்டுப் பக்கம், கடல் பறவைகளின் எச்சம் மலைமலையாகக் குவிந்து கிடக்கிற தீவுகளுக்குப் போகிறார்களாம். அந்த எச்சத்தை வெட்டி அள்ளப் போனவன் எவனும் லூங்தாவுக்குத் திரும்பி வந்ததில்லை. குடிதண்ணீர் ஏற்றி முடித்ததும் கப்பல் கிளம்பும்.

இதைத் தடுக்கத்தான் பூக்கொடி நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. ஆள் ஏற்றும் கப்பலுக்குக் கான்சல் நேரில் போக வேண்டும். ஒவ்வொருவனையும் கூப்பிட்டு, நீ மனசாரப் போகிறாயா என்று கேட்க வேண்டும். மாட்டேன் என்பவனைக் கரைக்கு அனுப்ப வேண்டும். கேட்டாயிற்று என்று முத்திரை குத்திய பிறகே கப்பல் நகரலாம். அந்த முத்திரை விழுந்துவிட்டது. ஆனால் அவன் போகவே இல்லை. எனக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. அவன் என் படகில் ஏறவில்லை. துறையில் வேறு எவள் படகிலும் ஏறவில்லை. மாலுமிகள் கரையைக் கண்டால் ஓடிவிடுவார்கள் என்று அந்தக் கப்பல் கேப்டன் தன் சொந்தப் படகை இறக்குவதே கிடையாது.

தம்பி பெண்டாட்டி போ-லியான் என்னைவிடக் கோபக்காரி. கூடையில் ஒரு வெள்ளைச் சேவலைப் போட்டுக்கொண்டு என் படகுக்கு வந்தாள்.

"மதினி, கிளம்புங்க."

"எதுக்குடி சேவல்?"

"அந்தாளு கோர்ட்டுல நம்ம ஆளுங்க வாயத் தொறக்கணும்னா மொதல்ல சேவல் தலைய வெட்டிச் சத்தியம் பண்ணணுமாம்ல. இன்னைக்கு அவரு பண்ணட்டும்."

நாங்கள் இருவரும் ஒரே தப்பைத்தான் செய்தோம். அவன் கத்தியைத் தொட மாட்டான் என்று நம்பினோம். பொய்யை வாயில் அடக்கிக்கொண்டு எந்த மனிதன் சேவலை வெட்டுவான்? நான் சொல்வது பொய்யானால் இந்தச் சேவலின் கதி எனக்கும் ஆகட்டும் என்று நகரக் காவல்சாமியைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் கொலைகாரன்கூட அந்த இடத்தில் கத்தியைக் கீழே போட்டுவிட்டு அழுதிருக்கிறான். துரையும் பின்வாங்குவான், ஊர் பார்க்கும், வெட்கப்பட்டுத் தம்பியை விடுவான் என்று கணக்குப் போட்டோம்.

கான்சல் வீட்டு முற்றத்தில் பல்லக்குத் தூக்கிகள், சமையல்காரன், தண்ணீர்க்காரர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று கூட்டம் கூடிவிட்டது. துபாசி காவ் விசிறியை ஆட்டிக்கொண்டு வந்தார். எங்கள் பேச்சை அவனுக்கும் அவன் பேச்சை எங்களுக்கும் சொல்கிறவர் அவர்தான்.

"துபாசி ஐயா, எம் புருஷன் ஓட்டை அடைக்கப் போனவரு. சீமைக்குப் போக ஏறினவரு இல்ல. விடச் சொல்லுங்க" என்றாள் போ-லியான்.

துபாசி கேட்டுவிட்டுத் திரும்பினார். முகம் கறுத்திருந்தது. "கப்பல்ல இருக்கிற ஒவ்வொருத்தனையும் துரை நேர்ல கேட்டாராம். எல்லாரும் சம்மதம்னாங்களாம். உம் புருஷனும்தானாம்." கொஞ்சம் தயங்கினார். "உன் வாய்க்குப் பயந்தே அவன் கப்பல் ஏறியிருப்பான்னு சொல்றாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எந்தப் படகுல போனாராம்? என் படகுல ஏறல. ஒருவேள நீந்திப் போனாரா? இந்த வயித்தோட ஆத்துல எறங்கியிருந்தா, தண்ணி கரையேறி நம்ம அடுப்பையெல்லாம் அணைச்சிருக்குமே!"

கூட்டம் சிரித்தது. துபாசி இதை மொழிபெயர்க்கவில்லை. ஆனால் சிரிப்புக்கு மொழிபெயர்ப்பு வேண்டாமே. அவன் காது சிவந்தது.

போ-லியான் சேவலைப் படியில் வைத்துப் பக்கத்தில் கத்தியையும் வைத்தாள். "நேர்ல கேட்டேன்னு சொல்லி வெட்டச் சொல்லுங்க. வெட்டிட்டா நான் போயிடறேன். மறுபடி இந்த வாசல் மிதிக்க மாட்டேன்."

துபாசி அவனிடம் தாழ்ந்த குரலில் என்னவோ கெஞ்சினார். வேண்டாம் துரை, இது விளையாட்டில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் கைவிசிறி நின்றுபோனது. அவனோ எச்சில் கையை உதறுவது மாதிரி அவரை உதறினான். ஒரு கோழியோடு தொல்லை தீர்ந்தால் லாபம் என்று நினைத்தான் போலிருக்கிறது. துபாசி சொல்லச் சொல்ல எங்கள் மொழியிலேயே சத்தியத்தைத் திக்கித் திக்கிச் சொன்னான். வெட்டினான். சிரித்தான்.

நான் போ-லியானின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். எல்லாம் முடிந்தது, தம்பியைத் தொலைத்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். படி இறங்குவதற்குள் பின்னால் தடால் என்று ஒரு சத்தம். பல்லக்குத் தூக்கிகளின் தலைவன் ஊ-சின் தூக்குகிற தண்டைத் தரையில் போட்டிருந்தான்.

"என்னடா, துரை வெளிய கிளம்புறாரு" என்றார் துபாசி.

"நடந்து போகட்டுங்க. மேலேர்ந்து விழப்போற இடி, பல்லக்குல உக்காந்தவன் தலை எது, தூக்குறவன் தலை எதுன்னு பாத்தா விழும்? எனக்கு இருக்கிறது ஒரு தலை."

அன்று சாயங்காலமே சமையல்காரன் சட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போனான். பால்காரன் தெரு மாறினான். கரைக்காரர்கள் எங்களைப் படகுச் சாதி என்று வீட்டுக்குள் விடாதவர்கள்தான், எங்கள் தம்பிக்காக ஒரு விரலை அசைத்திருக்க மாட்டார்கள். ஆனால் சேவல் சாமியுடையது. பொய்ச் சத்தியக்காரன் முத்திரை குத்திய கப்பலுக்கு ஒரு குடம் தண்ணீர் கொடுக்க ஆற்றங்கரையில் ஆள் இல்லை. தண்ணீர்ப் படகுகள் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. தண்ணீர் எங்கே, தண்ணீர் எங்கே என்று கேப்டன் கொடிமேல் கொடியாக ஏற்றிப் பார்த்தான்.

துரை மாவட்ட அதிகாரியிடம் முறையிடக் கிளம்பினான், நடந்து. தொப்பியும் வாளும் வியர்வையுமாகத் தெருவில் போனான். ஜனங்கள் அம்மைக்காரனுக்கு ஒதுங்குகிற மாதிரி ஒதுங்கினார்கள். கச்சேரி வாயிற்காவலன் மேலும் கீழும் பார்த்தான்.

"நடுவாசல் பல்லக்குக்குத்தான் தொறக்கும் துரை. நடந்து வர்றவங்களுக்கு அந்தப் பக்கம்" என்று பக்கவாசலைக் காட்டினான். காய்கறிக் கூடைக்காரி ஒருத்தி அப்போதுதான் அதன் வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

அவன் வெகுநேரம் அங்கேயே நின்றானாம். ஒரு அடி எடுத்து வைத்து உள்ளே போயிருந்தால் அதிகாரி நான்கு சிப்பாய்களை அனுப்பித் தண்ணீரை ஏற்ற வைத்திருப்பார். எங்கள் பாடு அதோடு முடிந்திருக்கும். அவனுக்கு மனசு வரவில்லை. திரும்பிவிட்டான். மனிதர்களைக் கூடையில் அடுக்கி அனுப்புவது அவனுக்குக் கேவலமாகத் தெரியவில்லை, பக்கவாசல்தான் கேவலம்!

மறுநாள் காலை துபாசியோடு துறைக்கு வந்தான். முகச்சவரம் கிடையாது, சட்டையில் சேவல் ரத்தம் அப்படியே. சலவைக்காரனும் போய்விட்டானே. துபாசி எங்களிடம் வந்தார்.

"துரை இப்பக் கப்பலுக்குப் போயி எல்லாரையும் கேக்குறேங்கிறாரு. சொன்ன சத்தியத்தை நெசமாக்கிட்டா ஊர் சமாதானமாகும்னு நான்தான் சொன்னேன். உன் தம்பியையும் கேப்பாரு. ஆனா படகு எடுக்க எவளும் வரமாட்டேங்கிறா."

"நான் எடுக்கிறேன்" என்றேன்.

மற்றப் படகுக்காரிகள் கத்தினார்கள். "அடி சுன்-தோ, பைத்தியமாடி? நடுஆத்துல இடி விழுந்தா?"

"விழட்டும். பக்கத்துல இருந்து பாக்கிறேன்."

போ-லியான் முன்துடுப்பில் உட்கார்ந்தாள். நான் பின்துடுப்பில். அவனும் துபாசியும் நடுவில். நாலைந்து படகுகள் வேடிக்கைக்காகவோ எனக்காகவோ தூரத்தில் பின்னாலேயே வந்தன.

கப்பலை நெருங்கும்போதே நாற்றம் வந்தது. அவன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கயிற்றேணியில் ஏறினான். துபாசியும் ஏறினார். இரும்புக் கம்பி இழுபடும் சத்தம், மூடி திறக்கும் சத்தம். அப்புறம் ஒரு கூச்சல் கிளம்பியது பாருங்கள், பலகை வழியாக என் உள்ளங்காலுக்கு வந்தது. நூற்றுக்கணக்கான குரல்கள். எல்லாம் ஒரே பேச்சு. "இறக்கி விடு! இறக்கி விடு!"

போ-லியான் எழுந்து நின்று தம்பி பெயரைச் சொல்லிக் கத்தினாள். மூடி மறுபடி விழுந்தது. கூச்சல் அடங்கிப்போனது. அரிசி கொதிக்கிற நேரம்கூட ஆகவில்லை, அவன் ஏணியில் இறங்கி வந்துவிட்டான். தனியாக. துபாசி பின்னால் வந்தார். அவர் கண்ணைப் பார்க்கவே முடியவில்லை.

"எங்க எம் புருஷன்?"

துபாசி ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "துரை நேர்ல போயிட்டாராம். கேட்டுட்டாராம். அவங்க பேசுறது அவருக்குப் புரியலையாம். யாரும் மாட்டேன்னு சொன்னதா அவருக்குப் படலையாம். இனிமே சத்தியம் நெசம்தானாம். நீங்க ரெண்டு பேரும் கரைக்குப் போயி அப்படிச் சொல்லி, தண்ணிப் படகை வரச் சொல்லணுமாம்."

"நீங்க இருந்தீங்கல்ல? நீங்க சொல்லலையா?"

"என்னக் கேக்கலம்மா. நான் வாயத் தொறந்தேன். கையக் காட்டி நிறுத்திட்டாரு."

போ-லியான் துடுப்பைத் தூக்கிக்கொண்டு அவன் மேல் பாயப் போனாள். நான் அதட்டி உட்கார வைத்தேன். எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. அப்போது கடல் உள்வாங்கும் வற்றம் இறங்கிக்கொண்டிருந்தது, ஆறு முழுக்கக் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. நான் படகைக் கரைப்பக்கம் திருப்பவில்லை. கடல்பக்கம் திருப்பினேன்.

கொஞ்ச தூரம் வரை அவனுக்குத் தெரியவில்லை. ஆற்றுமுகத்து மணல்மேட்டில் அலை உடைகிற வெள்ளையைப் பார்த்ததும் நிமிர்ந்தான். அந்த இடத்தில் எங்கள் மாதிரிப் படகு போனால் பலகை பலகையாகத்தான் கரை ஒதுங்கும். துபாசியிடம் கத்தினான்.

"எங்க போறேன்னு கேக்குறாரு" என்றார் துபாசி.

"பறவை எச்சம் அள்ளப் போறோம்னு சொல்லுங்க. அவரக் கேட்டேன், சம்மதம்னாரு."

"சுன்-தோ..."

"சொல்லுங்க ஐயா. அவரு பேசுறது எனக்குப் புரியல. ஆனா மாட்டேன்னு சொன்னதா எனக்குப் படல."

படகு முதல் அலையில் ஏறி இறங்கியது. தண்ணீர் உள்ளே அடித்தது. அவன் எழுந்தான், விழுந்தான், பக்கப்பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். வாளும் தொப்பியும் எங்கேயோ போயின. அடுத்த அலை வந்ததும் அவன் வாயிலிருந்து எங்கள் பேச்சு வந்தது. துபாசி இல்லாமல், திக்காமல், எங்கள் ஊர்க்காரன் மாதிரியே வந்தது.

"இறக்கி விடு! இறக்கி விடு!"

ஒன்பது வருடமாகத் தினமும் பல்லக்குத் தூக்கிகளிடம் சொல்லிப் பழகிய வார்த்தை. அவனுக்குத் தெரிந்த நாலு வார்த்தையில் அது ஒன்று.

துடுப்பை நிறுத்தினேன். அவன் துபாசியின் அங்கியைப் பிடித்து உலுக்கி, அவளிடம் சொல், சொல் என்று தன் மொழியில் கெஞ்சினான். துபாசி அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்.

"இதுக்குத் துபாசி வேணாம் துரை" என்று எங்கள் மொழியிலேயே சொன்னார். "அவளுக்குப் புரிஞ்சிருச்சு. உங்களுக்கும் அங்கயே புரிஞ்சிருச்சு."

படகைத் திருப்பினேன். வற்றத்தை எதிர்த்து வலிக்க நானும் போ-லியானும் பட்ட பாடு எங்கள் தோள்களுக்குத்தான் தெரியும். துபாசியும் ஒரு துடுப்பை எடுத்துக்கொண்டார். அவனை ஏணியில் ஏற்றிவிட்டு, "எல்லாரையும்" என்றேன். துபாசி அவன் பின்னாலேயே ஏறினார், இந்தமுறை வாயை மூடவில்லை.

மேலே பெரிய சண்டை. முத்திரைத் தாளைத் திருப்பிக் கொடு என்று துரை கேட்க, கேப்டன் அவன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளியிருக்கிறான். அதற்குள் துபாசியும் அவர் பேச்சுக்கு இரங்கிய இரண்டு மாலுமிகளும் மூடியைத் தூக்கிவிட்டார்கள். ஆட்கள் ஏணியில் இறங்கவில்லை, அப்படியே குதித்தார்கள். பின்னால் வந்த படகுக்காரிகள் இடியை மறந்து, சாமியை மறந்து, தலைமயிரைப் பிடித்து இழுத்து ஏற்றினார்கள். என் தம்பி தண்ணீரில் விழுந்து மேலே வந்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. போ-லியான்தான், "ஏய், இங்க!" என்று ஒரு அதட்டுப் போட்டாள். அந்தக் குரலுக்கு அவன் திரும்பினான்.

எங்கள் படகுகள் சின்னவை. அவை நிறைவதற்குள் கேப்டன் துப்பாக்கியை எடுத்தான். ஒரு குண்டு வானத்தில், அடுத்தது ஏணியில். மூடி விழுந்தது. துரையையும் துபாசியையும் ஏணி வழியாக என் படகுக்குத் தள்ளிவிட்டார்கள். நங்கூரக் கயிற்றை இழுக்கக்கூட நிற்காமல் அறுத்துவிட்டு, தண்ணீரை வேறு துறையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பாயை விரித்தான் அந்தப் படுபாவி. இறங்கியவர்களைவிட உள்ளே இருந்தவர்கள் பல மடங்கு.

நான் துரையைப் பார்த்தேன். "நிறுத்துங்க. நீங்கதான் கான்சலு, நிறுத்துங்க!" அவன் கையை விரித்தான். முத்திரை கேப்டனிடம் இருக்கிறது, காற்று இருக்கிறது, கப்பல் போகிறது.

கப்பல் எங்கள் படகை உரசுகிற மாதிரி கடந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் முட்டியால் குத்துகிற சத்தம் கேட்டது. "இறக்கி விடு" என்று ஒருவன் சொல்லவில்லை, ஊர் சொன்னது. போ-லியான் தம்பியின் தலையை மடியில் போட்டு மேலங்கியால் மூடினாள். துரை படகின் அடியில் சுருண்டு உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

நான் துடுப்பைப் போட்டுவிட்டுப் போய் அவன் மணிக்கட்டுகளைப் பிடித்தேன்.

"கைய எடுய்யா."

அவன் தலையை ஆட்டினான். பிடுங்கி இறக்கினேன். படகு ஓட்டுகிற கை இது, அவனால் திமிர முடியவில்லை. கப்பல் முனையைத் திரும்பி, அந்தக் கூச்சல் அலைச் சத்தத்தில் கரைந்து ஒன்றுமில்லாமல் போகும்வரை நான் அந்தக் கைகளை விடவில்லை.